இரண்டே நாளில் கிளம்பினோம்: பள்ளித் தோழிகளோடு ஒரு கொடைக்கானல் பயணம்

பள்ளியில் கூடப் படித்தவர்களோடு இருபத்தேழு வருஷம் கழித்துக் கொடைக்கானல் போய்வந்தேன். ஏற்பாடு முழுக்க என் தலையில்தான் விழுந்தது. அந்த வகையில் என் கையிலிருந்து 14,000 ரூபாய் போனது. பாதி பிற்பாடு திரும்பி வந்தது. பணம்கூடப் பரவாயில்லை. வண்டியில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வர, ராத்திரி தங்க இடம் இருக்குமா இருக்காதா என்று தெரியாமல், அதை யாரிடமும் சொல்லவும் முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேனே, அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கிளம்புவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போங்கள். திடீரென்றே கிளம்புங்கள். ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

நாங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 1998-இல் பிளஸ் டூ முடித்தவர்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று பல வருஷமாக இருக்கிறது. "எல்லாரும் சேர்ந்து ஒருதரம் எங்கயாவது போகணும்டி" என்று அதில் யாராவது எழுதுவாள், எல்லாரும் இதயம் போடுவோம், அத்தோடு சரி. போன வருஷம், 2025 மே மாதக் கடைசியில், எங்களில் ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். பந்தி முடிந்து, மண்டபத்து மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சென்னையில் வங்கியில் வேலை பார்ப்பவள்தான் ஆரம்பித்தாள். "நாளான்னைக்கே போவோம்டி. தேதி பாத்துக்கிட்டு இருந்தா நாம சாகுற வரைக்கும் போக மாட்டோம்." பதினாலு பேர் கை தூக்கினார்கள். புதன்கிழமை பேச்சு, வெள்ளிக்கிழமை விடியற்காலை புறப்பாடு.

இது கிறுக்குத்தனம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வயதுப் பெண்களுக்கு ஆறு மாதம் முன்னால் திட்டம் போட்டால், அந்த ஆறு மாதத்துக்குள் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகும், பிள்ளைக்குப் பரீட்சை வரும், "இப்ப எதுக்கு இந்தச் செலவு" என்று வீட்டில் நாலு தடவை பேச்சு எழும். இரண்டு நாளில் கிளம்பினால் தடுக்கிற காரணங்களுக்கு நேரம் இருக்காது. திடீரென்று கிளம்புவதில் நல்லதே இதுதான். ஆனால் கை தூக்கினவர்களை எல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது. பதினாலு பேர் அன்று ராத்திரியே பதினொன்று ஆனார்கள். அந்தப் பதினொன்றை நம்பித் தலைக்கு 3,000 என்று கணக்குப் போட்டேன். தங்க 16,000, வேனுக்கு 9,000, சாப்பாடு, சில்லறைச் செலவுக்கு 8,000. வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்கு ஒருத்தி, "வீட்டுல விடலடி, மன்னிச்சுக்கோ" என்று எழுதினாள். இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. ஒன்பது பேர்தான் ஏறினோம். வராத இருவரும் பணம் அனுப்பியிருக்கவில்லை, அந்த 6,000 என் தலையில். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எந்த வீட்டில் என்ன நடந்ததோ. ஆனால் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பணம் வந்து சேர்ந்த பெயர் மட்டும்தான் பெயர். முன்பணம், அதுவும் வராவிட்டால் திரும்பக் கிடைக்காது என்று சொல்லியே வாங்குங்கள். சினேகிதியிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். ஊருக்கு வந்த பிறகு கேட்கிற கூச்சம் இதைவிடப் பத்து மடங்கு.

இனி, என் கையிலிருந்து போன 14,000-இல் மீதி 8,000 எப்படிப் போனது என்று சொல்கிறேன். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய ராத்திரியே இணையத்தில் தேடினேன். மே மாதக் கடைசி, ஸ்கூல் திறப்பதற்கு முந்தின வாரம். எங்கே கேட்டாலும் இடமில்லை. ஒரே ஒரு காட்டேஜ் கிடைத்தது. நாலு ரூம், முன்னால் புல்வெளி, ஏரி தெரிகிற பால்கனி. போனில் பேசினவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "லேடீஸ் மட்டும்னா நாங்களே கேட்டுல ஆள் போடுவோம் மேடம்" என்றார். பாதி முன்பணம், 8,000, க்யூஆர் கோடு அனுப்பினார், போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வழி கேட்கலாம் என்று கூப்பிட்டால் எண் அணைந்திருக்கிறது. அந்தப் படங்களில் ஒன்றை எடுத்துத் தேடிப் பார்த்தபோது, அதே பால்கனி வேறொரு மலை ஊரில் வேறொரு பெயரில் இருந்தது. கைகால் எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது.

உடனே 1930-க்குப் போன் செய்தேன். சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. விவரம் வாங்கிக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள், இணையதளத்திலும் பதிவு செய்யச் சொன்னார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. என் விஷயத்தில் ஒரு முழு நாள் ஓடிப்போயிருந்தது. இன்றுவரை வரவில்லை. சந்தேகம் வந்த அந்த நிமிஷமே கூப்பிடுங்கள், வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் இடம் பிடிக்கிறவர்கள்தான் இந்த ஆட்களுக்கு வேண்டியவர்கள். அதனால் அவசரத்திலும் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். பணம் போகிற கணக்கின் பெயரைப் பாருங்கள். காட்டேஜ் ஒரு பெயர், கணக்கு வேறெங்கோ இருக்கிற தனியாள் பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். "வீடியோ காலில் வந்து ரூமைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நிஜமான ஆள் ஐந்து நிமிஷத்தில் காட்டிவிடுவார், மற்றவர் "நெட்வொர்க் இல்ல மேடம்" என்பார். மேப்பில் அந்த இடத்துக்கு வருஷக்கணக்கில் ஆட்கள் எழுதிய கருத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், எல்லாமே போன வாரம் எழுதினதாக இருந்தால் வேண்டாம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஹோட்டல் கொடைக்கானலிலும் இருக்கிறது, அதன் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். முதலில் அங்கே முயன்று பார்ப்பது நல்லது. இன்னொன்று, 2019-இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்த ஊர் அது. அனுமதி உள்ள இடம்தானா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் "இதுக்குத்தான் சொன்னேன்" என்பார், குழுவில் சொன்னால் பயணமே நின்றுபோகும். இரண்டும் வேண்டாம் என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பதினோரு மணி வாக்கில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மூலமாக, மூஞ்சிக்கல் பக்கம் வீட்டை வாடகைக்கு விடுகிற ஓர் அம்மாவின் நம்பர் கிடைத்தது. "ஒரு குடும்பம் இருக்காங்கம்மா. நாளைக்குக் காலி பண்ணினா உங்களுக்குத்தான். பண்ணலைன்னா என்னைத் திட்டக் கூடாது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்தது வேன். ஒருத்தியின் சொந்தக்காரர் வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், அதில் நான் உறுதியாக இருந்தேன். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவதே சட்டப்படி தப்பு. மலையில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். மஞ்சள் போர்டு வேன்தான் பேசினோம், கிலோமீட்டருக்கு 22 ரூபாய். போக வர, ஊர் சுற்ற எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டர் வரும், 8,800 என்று எழுதிவைத்திருந்தேன். திரும்பி வந்ததும் பில் 15,800. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர் கணக்காம், இரண்டு நாளுக்கு 600. அதுவே 13,200. டிரைவர் பேட்டா நாளைக்கு 800, மலை ஏறினதுக்கு 1,000. வேன்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், தொழிலில் அதுதான் வழக்கமாம். ஆனால் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிலோமீட்டர் ரேட்டைக் கேட்டால் போதாது. ஒரு நாளைக்கு மினிமம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, ராத்திரி தங்கினால் தனியா, மலைக்குத் தனியா, டோல், பார்க்கிங் யார் கொடுப்பது, கிலோமீட்டர் எங்கள் வாசலில் ஆரம்பிக்கிறதா அவர்கள் ஷெட்டிலா, இத்தனையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நம்மைப் போல ஒரே ஒரு ராத்திரி தங்கி வருகிறவர்களுக்கு மொத்த வாடகையாகப் பேசிவிடுவதுதான் லாபம்.

இ-பாஸ் விஷயம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். நாங்கள் போன 2025 சீசனில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்துவிட்டது, கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. கட்டணம் கிடையாது, ஆன்லைனில் விவரம் கொடுத்தால் வந்துவிடும். வியாழக்கிழமையே எடுத்துவைத்திருந்தேன். ஆனால் காலையில் வந்து நின்ற வேன் வேறு. பேசின வண்டியில் ஏதோ கோளாறாம், அவர்களே மாற்றி அனுப்பிவிட்டார்கள். பாஸில் இருப்பது பழைய வண்டி நம்பர். இருட்டில், ஏறுகிற கலகலப்பில், நம்பர் பிளேட்டை யார் பார்த்தார்கள்? வெள்ளிநீர் வீழ்ச்சிக்குப் பக்கத்தில் சோதனைச் சாவடியில் ஸ்கேன் செய்த தம்பி, "அக்கா, இது இந்த வண்டிக்கு இல்லையே" என்றார். ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். போனில் மறுபடி போட வேண்டும். சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் முந்தின ராத்திரியே டிரைவர் பெயர், நம்பர், வண்டியின் ஆர்சி படம் மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். வண்டியில் ஏறுமுன் பிளேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவாக இருந்தால் வத்தலக்குண்டு வந்து பஸ் ஏறிவிடலாம்.

அதே சாவடியில் தண்ணீர் பாட்டிலுக்கும் பிடித்தார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் மலையில் கூடாது, ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வழியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தோம். மலையைக் காப்பாற்றுகிற சட்டம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

அந்தச் சாவடி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாவின் போன் வந்தது. "காலி பண்ணிட்டாங்கம்மா, வாங்க." வாடகை 16,000, நான் போட்ட கணக்கேதான். போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அருவியில் முகம் கழுவப் போன தோழிகளுக்கு எதுவும் தெரியாது. ஒருத்திக்கு மட்டும் தெரிந்துவிட்டது. தையல் கடை வைத்திருப்பவள், ஸ்கூலில் ஆறு வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். "என்னத்தையோ மறைக்கிறே. காலையில இருந்து நீ ஒருவாய் பேசலை" என்றாள். அவளிடம் மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது. எந்தப் பயணத்துக்கும் பொறுப்பு இரண்டு பேராக எடுங்கள். ஒருத்தி வண்டி, தங்குமிடம், இன்னொருத்தி பணம். கெட்ட செய்தி வந்தால் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும், அதற்காகவாவது.

மலைப்பாதையில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். பயண வாந்திக்கான மாத்திரையை ஏறுகிற நேரத்தில் போட்டால் பலனில்லை, குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எங்களில் நாலு பேர் தினம் மாத்திரை போடுகிறவர்கள். அதில் ஒருத்தி அவசரத்தில் பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டாள், சீட்டும் இல்லை. மகனைக் கூப்பிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கினோம். மருந்துச் சீட்டைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரே சீருடையில் இருந்தோம். மதியச் சாப்பாட்டை ஒரே மூடியில் போட்டுப் பிசைந்து தின்றோம். இன்றைக்கு அப்படி இல்லை. ஒருத்திக்கு மூவாயிரம் ரூபாய் ஒரு சேலை. இன்னொருத்திக்கு அது அரை மாதச் சாப்பாடு. ஏரிக்குப் போனோம். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி. படகுக்கு டிக்கெட் எடுக்கிற இடத்தில் தையல்காரத் தோழி, "நீங்க போங்கடி, எனக்குத் தண்ணின்னா பயம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதித்தவள் அவள். மதியம் ஓட்டலில் எல்லாரும் பிரியாணி சொன்னபோது "வயிறு சரியில்லை" என்று இரண்டு இட்லி தின்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து வங்கித் தோழி, நல்ல மனசோடுதான், எல்லார் முன்னாலும் சத்தமாக, "காசுதானேடி, உனக்கு நான் போட்டுக்கிறேன், வா" என்றாள். தையல்காரத் தோழி ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் முகம் தெளியவில்லை.

அதனால் தலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது, குழுவில் யாருக்குக் கை இறுக்கமோ அவரால் முடிகிற தொகையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் குழுவில் கேட்கக் கூடாது, தனித்தனியாகப் போனில் கேட்க வேண்டும். அந்தத் தொகைக்குள் படகு, நுழைவுச் சீட்டு, டீ, வடை எல்லாம் அடங்க வேண்டும். நான் வண்டி, தங்கல், சாப்பாடு என்று மட்டும் கணக்கு வைத்து, மற்றதை "அங்கங்கே பார்த்துக்கலாம்" என்று எல்லாரும் சொன்னதுபோல விட்டிருந்தேன். அந்த "அங்கங்கே"தான் இல்லாதவரைக் கொல்கிறது. ஒவ்வொரு வாசலிலும் பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் காலையில் ஆளுக்கு 300 வீதம் ஒரு பையில் போட்டு, பையைத் தையல்காரத் தோழி கையிலேயே கொடுத்தோம். கணக்கில் அவள் புலி. பூம்பாறைக் கிராமத்தில் மலைப்பூண்டு வாங்கும்போது பேரம் பேசினதும் அவள்தான். அந்தப் பொதுப் பை வந்த பிறகு யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சே எழவில்லை. வசதி உள்ளவர்கள் கூடக் கொடுக்க ஆசைப்பட்டால் ஏற்பாடு செய்கிறவரிடம் தனியாகக் கொடுத்துவிடட்டும், பொதுக் கணக்கில் சத்தமில்லாமல் சேரட்டும்.

பேச்சிலும் இதே கவனம் வேண்டும். வேனில் ஏறின பத்தாவது நிமிஷம், பின்சீட்டில் இருந்தவளிடம் ஒருத்தி, "உன் வீட்டுக்காரர் எப்படிடி விட்டாரு?" என்று கேட்டாள். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குழுவில் அவள் சொல்லவில்லை, எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கேட்டவள் உடைந்துபோனாள். வெகுநாள் கழித்துச் சந்திக்கிற கூட்டம் என்றால், முன்கூட்டியே யார் வீட்டில் என்ன என்று மெல்ல விசாரித்து, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மற்றவர்களுக்குச் சொல்லிவைப்பது பெரிய உபகாரம். பட்டப்பெயரும் அப்படித்தான். நிறத்தை வைத்து ஒருத்தியை நாங்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று உண்டு. ராத்திரி யாரோ அதைச் சொல்லிச் சிரித்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பேருக்குப் பயந்துதான் நான் காலேஜுக்கே போகலை, தெரியுமா?" என்றாள். யாருக்கும் தெரியாது. வெகுநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினோம். அழுதோம். அது நல்லதுக்குத்தான் முடிந்தது, ஆனால் வேறொரு கூட்டத்தில் பயணமே அங்கே முறிந்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதற்காகப் போகச் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டு ஹாலில் ஒன்பது பாயை வரிசையாக விரித்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். ரூம்களை யாரும் சீண்டவே இல்லை. ஒருத்தி திடீரென்று எங்கள் பிளஸ் டூ டீச்சர் குரலில் வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்தாள். வரிசை எண் ஒன்று, இரண்டு என்று. இத்தனை வருஷம் கழித்தும் எல்லாருக்கும் அவரவர் எண் நினைவிருந்தது. "உள்ளேன் டீச்சர்", "உள்ளேன் டீச்சர்" என்று இருட்டில் குரல் வந்துகொண்டே இருந்தது. வராதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவள் பதில் சொன்னாள், துபாயில் இருக்கா டீச்சர், பேத்தி பிறந்திருக்கா டீச்சர் என்று. கணவரை இழந்தவள் அந்த ராத்திரிதான், எட்டு மாதத்தில் முதல்தடவையாக, வயிறு வலிக்கச் சிரித்தாள். "நான் சிரிக்கிறதைப் பார்த்தா எங்க ஊர்ல தப்பாப் பேசுவாங்கடி" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். வீட்டில் நாங்கள் யாருக்கோ அம்மா, யாருக்கோ மருமகள். அந்த ஹாலில் வரிசை எண்ணாக இருந்தோம். இந்த ஒரு ராத்திரிக்கு 14,000 கொடுக்கலாம்.

காலையில் இன்னொரு சங்கடம். தூண் பாறையில் எடுத்த குரூப் போட்டோவை ஒருத்தி ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். எங்களில் ஒருத்தி, கல்யாண வேலைக்கு உதவியாகத் தங்குவதாகத் தன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அரை மணி நேரத்தில் நாத்தனார் போன். அங்கிருந்து ஊர் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லிவிட்டு வந்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எந்த வீட்டில் எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் எல்லாரும் சரி சொல்லும்வரை ஒரு படமும் வெளியே போகக் கூடாது என்று ஏறும்போதே பேசிவிடுங்கள். அதே சமயம், எங்கே இருக்கிறோம், எந்த வண்டி, டிரைவர் நம்பர் என்ன என்பது ஒவ்வொருவர் வீட்டிலும் நம்பிக்கையான ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மகளோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி.

கணக்கை வந்த ராத்திரியே எழுதிக் குழுவில் போட்டேன். தள்ளிப்போட்டால் கேட்கவே முடியாது. வேன் கூடுதலுக்கு ஆளுக்கு 800 கேட்டேன், இரண்டு நாளில் எல்லாரும் அனுப்பினார்கள். ஏமாந்த 8,000-ஐ நான் எழுதவில்லை. தையல்காரத் தோழிதான் பொறுக்க மாட்டாமல் குழுவில் போட்டு உடைத்துவிட்டாள். வங்கித் தோழி உடனே கூப்பிட்டு, முழுசையும் தானே தருவதாகச் சொன்னாள். தையல்காரத் தோழி சம்மதிக்கவில்லை. "ஒன்பது பேருக்காகப் போன காசு. ஒன்பது பேரும் போடுவோம்" என்றாள். ஆளுக்கு 900. முதலில் வந்தது அவளுடையதுதான். ஏரிக்கரையில் நடந்ததற்கு வங்கித் தோழி அவளைக் கூப்பிட்டுப் பேசினாளாம். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வராத இருவரில் ஒருத்தி இன்னும் என் போனை எடுப்பதில்லை. பணத்துக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைக்கிறாள்போல. அந்த 6,000-ஐ நான் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன் என்று அவளுக்கு மெசேஜும் அனுப்பியாயிற்று. அடுத்த பயணத்துக்கு வண்டி வேண்டாம், ரயிலில் போவோம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும் என்பதால் இரண்டாகப் போட வேண்டும். தலைக்கு 2,000, எல்லாம் அடங்க. இந்தத் தடவை பணப்பை ஆரம்பத்திலிருந்தே தையல்காரத் தோழியிடம். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் நம்பரைக் குழுவில் போட்டிருக்கிறேன், இதுவரை ஏழு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.